விடுப்பில் இருக்கும் மகாராஜா

பொக்கிஷமும் படைபலமும் உள்ள ஒரு ராஜ்யத்துக்கு அதிபதியாக வீற்றிருந்துகொண்டே, முகமூடி மாட்டிக் கூரைக்குக் கூரை தாவி அக்கிரமக்காரர்களை உதைக்கும் உத்தியோகத்தையும் ஒருவர் பார்த்துவர முடியுமா என்ற சந்தேகம், மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் அமெரிக்கச் சித்திரக்கதைகளைக் கிளறித் திரிந்த பால்ய வயதில் எனக்கு எழவே இல்லை. அரசாங்கக் காரியாலயத்தில் கோப்புகளின் நடுவே ஆயுளைக் கழித்து ஓய்வுபெற்ற பின், அதே கதைகளின் மறுபதிப்பைச் சாவகாசமாகப் புரட்டும்போதோ அதைத் தவிர வேறொன்றும் எழ மறுக்கிறது. மன்னர் வெளியூர் போயிருக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் யார்?

நான் சொல்வது வகாண்டா தேசத்து அரசர் டி'சாலாவை, அதாவது பிளாக் பேந்தரை. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1966-ஆம் வருஷம் ஜூலையில் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 52-ஆவது இதழில் அவரை அறிமுகம் செய்தார்கள். அவருடைய அதிதி சத்காரமே அலாதி: ஃபென்டாஸ்டிக் ஃபோர் வீரர்கள் நால்வருக்கும் ஆகாய ஊர்தி ஒன்றைச் சன்மானமாக அனுப்பி, மரியாதையாக வரவழைத்து, வந்து இறங்கியவர்களை இயந்திரங்களால் சமைத்த கானகத்தில் ஒவ்வொருவராக வேட்டையாடி, கூடவே வந்த வயட் விங்ஃபுட் என்ற இளைஞன் காரியத்தைக் கெடுத்த பிறகு, தகப்பனாரைக் கொன்ற க்ளாவை எதிர்க்குமுன் தம் திறமையைப் பரீட்சித்துக்கொண்டதாக விளக்கம் சொல்லி, அதன் பின்னரே உபசாரத்தை ஆரம்பிக்கிறார். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு விருந்து நடந்திருந்தால் சம்பந்திகள் மூன்று தலைமுறைக்கு வாசற்படி மிதிக்க மாட்டார்கள்.

பிறகு அவர் அமெரிக்கா போய் அவெஞ்சர்ஸ் கோஷ்டியில் சேர்ந்தார். அதுவும் போதாமல், லூக் சார்லஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டு ஹார்லெமில் பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தார். ஆசிரியப் பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை; ஆனால் வைப்ரேனியம் என்ற அபூர்வ உலோகம் மலையாகக் கிடக்கும் ஒரு தேசத்தின் ராஜா, அங்கே பள்ளிக்கூடம் இல்லாமலா வேறு கண்டத்தில் போய்ப் பாடம் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்வியை எனக்கு முன்னால் கேட்ட புண்ணியவான் ஒருவர் உண்டு. டான் மெக்ரெகர் என்பவர் மார்வெல் காரியாலயத்தில் அச்சுப்பிழை திருத்துகிறவராக இருந்தபோது, ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ என்ற பத்திரிகை ஆப்பிரிக்கக் காட்டில் வெள்ளைக்காரர்களே ஓயாமல் பராக்கிரமம் காட்டும் பழங்கதைகளை மறுபிரசுரம் செய்து வருவதைக் குறை கூறினாராம்; குறை சொன்னவன் தலையிலேயே வேலையைக் கட்டிவிடும் சகல காரியாலயங்களுக்கும் பொதுவான தர்மப்படி, அதை எழுதும் பொறுப்பு அவருக்கே வந்து சேர்ந்தது. 1973 செப்டம்பரில் அவர் தொடங்கிய நெடுங்கதையின் அஸ்திவாரமே, ஊரை விட்டுப் போன ராஜா திரும்பி வரும்போது ஊர் அவருக்காகக் காத்திருக்கவில்லை என்பதுதான். கில்மாங்கர் என்ற கலகக்காரன் கிராமங்களைச் சூறையாடுகிறான். மன்னரோ மோனிகா லின் என்ற அமெரிக்கப் பாடகியை அழைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். பாதுகாப்பு அதிகாரி வகாபி முகத்தைச் சுளித்துக்கொண்டு முணுமுணுக்கிற கட்டங்களை வாலிபத்தில் அவசரமாகத் தாண்டிப் போனேன். இப்போது அவர் பேசும்போதெல்லாம் தலை தானாக ஆடுகிறது.

மெக்ரெகருக்கு வார்த்தைப் பஞ்சம் கிடையாது. பில்லி கிரஹாம் சிரமப்பட்டு வரைந்த அருமையான சித்திரங்கள், வசனப் பெட்டிகளின் இடுக்கில், கூட்டத்தில் கால் மிதிபட்டவர்களைப் போல நெளிந்து நிற்கின்றன. முதல் அத்தியாய முடிவில் கில்மாங்கர் மன்னரைத் தூக்கி நீர்வீழ்ச்சியில் எறிகிறான். அந்த இதழ் எனக்குக் கிடைத்தது. அடுத்தது மூர் மார்க்கெட்டில் எந்தக் கடையிலும் அகப்படவில்லை. ஆகையால் வகாண்டா நாட்டுச் சக்கரவர்த்தி என் மட்டில் பல வருஷ காலம் அந்தரத்திலேயே விழுந்துகொண்டிருந்தார். கடைசியில் அவர் கரையேறிய விவரத்தை மறுபதிப்பில் படித்தபோது, நிலுவையில் கிடந்த கோப்பு ஒன்றை முடித்துக் கட்டிய திருப்தி உண்டாயிற்று.

கரையேறியவர் அதன் பிறகாவது தர்பாரில் அமர்ந்தாரா? பனியில் ஓநாய்களோடும், வெள்ளைக் குரங்குகளோடும், போதாக்குறைக்கு டைனோசர்களோடும் மல்லுக்கு நின்றார். உடுப்பு கிழிந்தது, உடம்பு கிழிந்தது; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளிவந்த பத்திரிகையாதலால், பாவம், இரண்டு வருஷத்துக்கு மேல் ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தார். இத்தனைக்கும் பிறகு கில்மாங்கரை அதே அருவியில் தள்ளி ராஜ்யத்தைக் காப்பாற்றியவன் கன்டு என்ற சிறுபையன். பெரிய அதிகாரி சுற்றுப்பயணம் செய்ய, காரியத்தை முடிப்பது கடைநிலை ஊழியன் என்ற உண்மையை இவ்வளவு பச்சையாக எழுதிய வேறு சித்திரக்கதையை நான் கண்டதில்லை. என் அபிப்பிராயத்தில் அந்த வரிசையிலேயே உத்தமமான கட்டம் இதுதான்.

1977-இல் கிர்பியே மறுபடி பேனாவைக் கையில் எடுத்தார். பிரஜைகளின் கஷ்டம், ராஜாவின் மனச்சாட்சி எல்லாம் பரணுக்குப் போயின. காலத்தைக் கடந்து ஆட்களை இழுத்துவரும் சாலமோன் அரசரின் பித்தளைத் தவளை ஒன்றைத் தேடி டி'சாலா தேசாந்தரம் கிளம்பிவிட்டார். அவர் அப்பால் இருந்த சமயம் பார்த்து, மாற்றாந்தாய் சகோதரன் ஜக்காரா வைப்ரேனியத்தின் வீரியத்தால் பூதாகாரமாகி அட்டகாசம் செய்ய, வேறு வழியின்றி மருத்துவர், கார்ப் பந்தயக்காரர் முதலான அரச குடும்பத்து உறவினர்களைக் கூப்பிட்டு, சிறுத்தை வேஷம் மாட்டிவிட்டுச் சண்டைக்கு அனுப்பினார்கள். எங்கள் இலாகாவில் இதற்குக் கூடுதல் பொறுப்பு என்று பெயர், படி கிடையாது.