ஒரிஜினல் அங்கிட்டு இருக்கு

மதுரையில் ஒரு வெளியூர்க்காரர் ஜிகர்தண்டாக் கடையின் போர்டை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் கையை விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்ட கை வெளியே வருவதற்குள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கும். "தம்பி ஊருக்குப் புதுசா? இங்கன வேணாம். ஒரிஜினல் அங்கிட்டு இருக்கு."

திரும்பினால் அவர் நிற்பார். அறுபதுக்கு முன்பின் வயது. வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, பைக்குள்ளிருந்து பாதி எட்டிப் பார்க்கும் சர்க்கரை மாத்திரை அட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. பையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது அதில் அரைக்கிலோ அல்வா இருக்கும் என்பது மட்டும் நிச்சயம். மதுரையில் குடும்பத்துக்கு ஒருவர் இப்படி வாய்ப்பார். உறவுமுறையில் பெரியப்பாவோ, சித்தப்பாவோ, ஊருக்குப் பொதுவில் அவர் மாமா.

மாமா பெரும் படிப்பாளி இல்லை. ஆனால் எது ஒரிஜினல், எது இல்லை என்பதில் அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. போர்டில் 'ஒரிஜினல்' என்று எழுதியிருந்தால் அது ஒரிஜினல் இல்லை. உண்மையான கடைக்காரனுக்கு எதுக்குப்பா போர்டு? ஏசி போட்ட கடையின் பேரைக்கூட வாயால் சொல்ல மாட்டார். கூட்டம் அலைமோதினால், "எல்லாம் யூடியூப் பாத்துட்டு வந்த கூட்டம்." ஈயாடினால், "பாத்தியா, விஷயம் தெரிஞ்சவன் மட்டும்தான் இங்க வருவான்." ஊரில் உள்ள கடைக் குடும்பங்களின் பாகப்பிரிவினை வரலாறு மொத்தமும் அவருக்கு மனப்பாடம். "அண்ணன் தம்பி பிரிஞ்சப்ப அண்ணன் கல்லாவை எடுத்துக்கிட்டாரு. தம்பி மாஸ்டரை எடுத்துக்கிட்டாரு. இப்ப நீயே சொல்லு, கடை யாருகிட்ட இருக்கு?"

பதில் சொல்லிவிட முடியாது. அந்த மாஸ்டரும் மூன்றே மாதத்தில் கோபித்துக்கொண்டு மூன்றாவது தெருவுக்குப் போயிருப்பார். உ.வே.சா. ஏடுகளைத் தேடி அலைந்ததுபோல, போன மாஸ்டர்களைத் தேடி மாமா அலைந்திருக்கிறார். கண்டுபிடித்தும் இருக்கிறார். ஒருவரைச் செல்லூரில் கண்டுபிடித்தபோது அவர் வடை போடுவதை விட்டுவிட்டுப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடப் போய்க்கொண்டிருந்தார். அதிலிருந்து மாமா வடை சாப்பிடுவதில்லை.

இவரை நம்பி ஊர் பார்க்க வருகிறவர்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடிகாலையில் வந்து இறங்குவார்கள். ஸ்டேஷனுக்கு முன்னால் மேல வெளி வீதி. எதிரே டவுன்ஹால் ரோடு. அந்த ரோட்டின் மறுமுனையில் மீனாட்சி கோயிலின் மேலக் கோபுரம். வளைவு இல்லை, நெளிவு இல்லை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். போனைத் தட்டினால் பதினைந்து நிமிட நடை என்று காட்டும். போனுக்கு மாமாவைத் தெரியாது.

மதுரை வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்கு வெளியே சதுரமாகப் போட்டவை. மதிலுக்குள் ஆடி வீதி, மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. மாமாவின் விளக்கம் வேறு. "வெளி வீதியில காபி. மாசி வீதியில இட்லி. ஆவணி மூல வீதியில அல்வா. சித்திரை வீதியில சாமி. வெறும் வயித்துல சாமி கும்பிடக் கூடாதுன்னுதான் பாண்டியன் இப்படிப் போட்டு வெச்சிருக்கான்." வந்தவர்களில் படித்த மருமகள் ஒருத்தி இருந்தால், இன்றைக்கு இருக்கும் அமைப்பு நாயக்கர் காலத்தது என்பாள். "நாயக்கரும் சாப்பிடுறவருதானம்மா" என்று மாமா நடையைக் கட்டுவார்.

அவரைச் சரித்திரம் தெரியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று கேளுங்கள். மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றிய கதையைப் பிசகாமல் சொல்வார். அவருடைய சரித்திரம் எங்கே கிளம்பினாலும் ஓர் அடுப்பில் போய் முடியும், அவ்வளவுதான்.

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியைத் தாண்டும்போது இது நன்றாகத் தெரியும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையை முன்னின்று நடத்திய மேஸ்திரியின் பெயர்தான் இந்த வீதிக்கு. உடனிருந்த மாரட் துரைக்கும் அந்தப் பக்கம் வீதிகள் உண்டு. கலெக்டருக்கு விளக்குத்தூண். இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்த மாமா சட்டென்று நிற்பார். "இடிச்சவனுக்குத் தெரு இருக்கு. அம்புட்டு ஆளுக்கும் பொங்கிப் போட்டவன் பேருல ஒரு சந்தாவது இருக்கா?" குரலில் நிஜமான துக்கம் இருக்கும். எனக்குத் தெரிந்து இந்தக் கேள்வியைச் சரித்திர ஆசிரியர்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

மேல மாசி வீதியில் காந்தி தங்கியிருந்த வீடு இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று அவர் மேல்சட்டையை விட்டுவிட்டு அரைவேட்டிக்கு மாறியது அங்கேதான். விருந்தாளிகள் பக்தியோடு நின்று படம் எடுப்பார்கள். மாமாவும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போடுவார். பிறகு, "இந்த ஊருக்கு வந்து அவரு துணியைக் குறைச்சாரு. நாம வந்தா இடுப்புத் துணியைக் கொஞ்சம் தளத்திக் கட்டணும். வாங்க, இட்லி ஆறிரும்."

இட்லிக்கு மாமா வைத்திருக்கும் சட்டம் கடுமையானது. சட்னி மூன்றா நான்கா என்று எண்ணக் கூடாது, எண்ணுகிறவன் வெளியூர்க்காரன். இலையில் போட்ட இட்லியைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். சாம்பார் கேட்கக் கூடாது, வந்தால் மறுக்கவும் கூடாது. சப்ளையரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் தெரியாவிட்டால் "மாப்ள". பணம் கொடுக்க வேறு யாராவது எழுந்தால் அவர் கையை மாமா பிடிக்கிற பிடியில் கடிகார முள் நின்றுவிடும். "ஊருக்கு வந்த புள்ளைகள காசு குடுக்க விட்டேன்னு நாளைக்கி நாலு பேரு பேசவா?" அந்த நாலு பேர் யாரென்று தெரியவில்லை. ஆனால் மாமாவின் வாழ்க்கையை நடத்துவது அவர்கள்தான்.

இப்படியாக அல்வாவையும் முடித்துக்கொண்டு சித்திரை வீதிக்கு வந்து சேர்ந்து, செருப்பையும் செல்போனையும் ஒப்படைக்கிற வரிசையில் நின்று நிமிரும்போது மதியம் பன்னிரண்டரை. நடை சாத்தியிருப்பார்கள். இனி நாலு மணிக்குத்தான். மருமகளின் முகம் வாடும். மாமாவுக்கு அலட்டலே இல்லை. "அட, சாமி கோவிச்சுக்காதும்மா. உதிர்ந்த புட்டுக்கு மண்ணு சுமந்த சாமி இது. வேலையச் செய்யாம தூங்கிப் பிரம்படி வாங்கினாலும் புட்டை விட்டுச்சா?" அதற்காகத்தானே ஆவணி மூலத்துக்குச் சாமியே வைகைக்கரைப் புட்டுத்தோப்புக்குப் புறப்பட்டுப் போகிறார் என்று கேட்பார். தொடர்ந்து குண்டோதரன். மீனாட்சி கல்யாணச் சாப்பாடு முழுவதையும் தின்றும் பசி அடங்காத அந்தப் பூதத்தைப் பற்றி மாமா பேசும்போது, பெரியம்மா மகனைப் பற்றிப் பேசுகிற பாசம் தெரியும். "பந்தி விசாரிச்சவங்க சரியில்ல. அவன் மேல தப்பில்ல."

மத்தியானத்துக்குச் சிம்மக்கல் பக்கம் கறி தோசை. தோசை என்பது மரியாதைக்குச் சொல்வது. கனமாக ஊற்றிய மாவு, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி. திருப்பிப் போட்டுக் கல்லோடு அழுத்தும்போது எழும் சத்தத்தில் பக்கத்து மேசைப் பேச்சு நின்றுவிடும். அன்றைக்குப் பார்த்து வெள்ளிக்கிழமையாக இருக்கும், மாமா கவிச்சி தொட மாட்டார். எதிரே ஒரு காலித் தட்டோடு உட்கார்ந்து அடுத்தவர் இலைக்கு நேர்முக வர்ணனை செய்வார். "ஓரத்துலருந்து பிய்க்காத மாப்ள, நடுவுல கைய வையி. சால்னாவ மேல ஊத்தாத, பக்கத்துல ஊத்து. மிளகு கொஞ்சம் தூக்கலா? மூக்குலயே தெரியுது." சாப்பிட்டவரைவிட அவருக்குத்தான் அதிகமாக வியர்க்கும்.

நாலு மணி ஆகும். கோயில் திறக்கும். "கறி தின்னுட்டு உள்ள போகக் கூடாதுல்ல" என்று மாமா நினைவூட்டுவார். கோபுரத்தை வெளியே நின்று கும்பிட்டால் கோடிப் புண்ணியம் என்பது இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே பெரியவர்கள் சொல்லி வைத்தது.

மிச்சம் இருப்பது திருமலை நாயக்கர் மகால். அது ஐந்து மணிக்கு மூடிவிடும் என்று மருமகள் எச்சரிப்பாள். போகிற வழியில் விளக்குத்தூண் ஜிகர்தண்டா வருகிறதே, என்ன செய்வது? சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் எல்லாம் சரிதான். அடியில் போடுவது பாதாம் பிசினா, கடல்பாசியா? இந்தக் கேள்வியில் மாமா கடைக்காரரோடு இறங்கிவிட்டால், சைவ வைணவச் சண்டையெல்லாம் சமரசமாகிப் போனதே என்று நாம் ஆச்சரியப்பட வேண்டியிருக்கும். மகால் வாசலுக்குப் போகும்போது கேட் சாத்துகிற சத்தம் வரவேற்கும். "1636-ல கட்டினது" என்று கம்பி வழியே காட்டுவார். "இதுல பாதியக் காணோம், பாதிக்கு மேலயே காணோம். பேரன் சொக்கநாத நாயக்கரு திருச்சிக்குப் பேத்துக் கொண்டுபோயிட்டாரு. ஒரிஜினல் இல்ல. பாக்கலைன்னு வருத்தப்படாத." அவரே எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தோடு போனதுதான். அன்றைக்குக் கட்டிக்கொண்டு போன புளியோதரையின் பக்குவம் இன்னமும் நினைவிருக்கிறது.

சென்னையிலிருந்து வந்த மருமகன் இதற்குள் சூடாகியிருப்பான். "ஊரையே ஒரு தடவை கண்ணகி எரிச்சாச்சு. இதுல ஒரிஜினல் எங்க மாமா இருக்கும்?"

மாமா நிஜமாகவே யோசிப்பார். "அதுக்கப்புறம் வெச்ச கடைகள்ல ஒரிஜினலச் சொல்றேன் மாப்ள."

இரவில் மாமாவின் பெருமை இன்னும் ஏறும். தெருமுனையில் தள்ளுவண்டிப் பருத்திப்பால். சுக்கும் கருப்பட்டியும் போட்டது. "கருப்பட்டி சுகருக்கு நல்லது" என்பது அவருடைய சொந்த மருத்துவம். பதினோரு மணிக்கு பன் புரோட்டா. தூங்கா நகரம் என்று பீற்றிக்கொள்ள மாமாவுக்குச் சான்று இருக்கிறது. தமிழ் வாத்தியார் ஒருவர் டீக்கடையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது: மதுரைக்காஞ்சியில் அல்லங்காடி என்று இரவுக் கடைத்தெரு வருகிறது. நடுச்சாமத்தில் அடையும் மோதகமும் விற்கிறவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவதை மாங்குடி மருதனார் பார்த்து எழுதியிருக்கிறார். "ரெண்டாயிரம் வருசமா வியாபாரம் நடக்குது, பாத்துக்க" என்பார் மாமா. புலவருக்கும் தனக்கும் ஒரே ஒரு கருத்து வேறுபாடுதான்: அந்த மோதகக் கடை எந்தத் தெருவில் என்று எழுதாமல் விட்டுவிட்டார்.

வீட்டில் அத்தை கோதுமை ரவைக் கஞ்சியோடு காத்திருப்பாள். மஞ்சள் பையை வாங்கி, அல்வாவை எடுத்து விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, மாத்திரை அட்டையில் எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணுவாள். மாமா சத்தமில்லாமல் கஞ்சி குடிப்பார். உப்புக்கூடக் கேட்க மாட்டார்.

ஒருமுறை மறுநாள் மருமகள் ஒரே ஒரு ஆசை சொன்னாள். அண்ணா நகர்ப் பக்கம் ஒரு கஃபே இருக்கிறது, போகலாமா? மாமா மறுக்கவில்லை, விருந்தாளி மனசு நோகக் கூடாது. கண்ணாடிக் கதவை இழுப்பதா தள்ளுவதா என்று முதல் சிக்கல். மஞ்சள் விளக்கில், கைப்பிடி இல்லாத நாற்காலியில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். பீங்கான் கோப்பையில் நுரைமேல் இலை வரைந்த காபி வந்தது. "ஏந்தம்பி, ஒரு டபரா குடு, ஆத்திக்கிறேன்" என்றார். டபரா இல்லை. இன்னொரு கோப்பையை வாங்கி அதிலும் இதிலுமாக மாமா ஆற்றிய ஆற்றில் இலை போச்சு, நுரை வந்தது. கல்லாவில் இருந்த பையன் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். "எந்தத் தெரு நீ?" "கீரைத்துறை சார்." "யாரு மகன்?" சொன்னான். பையனின் தாத்தா ஒரு காலத்தில் கீழவாசலில் டீ மாஸ்டராம். மாமாவுக்கு முகம் மலர்ந்துபோனது. எழுந்து போய் அவன் தோளைத் தட்டி, தாத்தா டிகாக்ஷன் இறக்கிய விதத்தைக் கையால் செய்து காட்டிவிட்டு வந்தார்.

பில் வந்தது. நாலு காபி, ஒரு கேக். மாமா வழக்கம்போல மருமகன் கையை எட்டிப் பிடித்தார். மறு கையால் பில்லைத் தூக்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தூரத்தில் கொண்டுபோனார். மருமகனின் கை மெல்ல விடுபட்டது.

வெளியே வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சரி மாப்ள, வாங்க. போய் ஒரு காபி சாப்பிடுவம்" என்றார்.