கவிழாத ஆட்சிகள்

செஞ்சி பக்கம் தொண்டூர்ப் பாறையில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் உண்டு. தலைமுடியைக் கையாலேயே பறித்துக்கொள்வது சமணத் துறவிகள் வழக்கம், கூலி மிச்சம். நமக்கு அந்தத் தெம்பு ஏது? சலூன்தான் கதி. அன்று சின்னப் பையனென்றால் நாற்காலிக் கைகளின் குறுக்கே பலகை. பெரியவரென்றால் சவரம் முடிந்ததும் கன்னத்தில் சுரீரென்று படிகாரக்கட்டி. பெஞ்சில் காத்திருப்போருக்குத் தாள் தாளாகப் பிரிந்த தினத்தந்தி. ஆட்சியைக் கவிழ்ப்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான்.

இன்று அதே தலைக்கு ஏசி, ஹேர் ஸ்பா, ஆப்பில் முன்பதிவு. பில்லில் 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது. மொட்டையடிப்பதில் அரசே கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறது. ஆனால், காதில் இயர்போன் மாட்டிய ஸ்டைலிஸ்டிடம் அரசியல் பேச முடியுமா? பல ஆட்சிகள் ஐந்து வருஷம் முழுசாக ஓடுவது ஏனென்று இப்போது புரிகிறதா?