மட்டம் போட்ட மகான்

கடலூர் மாவட்டத்தில் நின்றுகொண்டு பள்ளிக்கூடத்தின் மகிமையைப் பேசுவது கொஞ்சம் சங்கடமான காரியம். இந்த மண்ணின் பெரிய பேர்களில் இரண்டு பேர் வகுப்பறைக்கு டிமிக்கி கொடுத்தவர்கள். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன்தான் பி.ஏ. வரை படித்தும் கெட்டுப்போகாமல் தப்பித்தவர்.

மூத்தவரிடமிருந்து தொடங்குவோம். சிதம்பரம் பக்கத்து மருதூரில், 1823 அக்டோபர் 5 அன்று, கணக்குப்பிள்ளை ராமையா வீட்டில் பிறந்தவர் ராமலிங்கம். கைக்குழந்தையாகச் சிதம்பரம் கோயிலுக்குத் தூக்கிப்போனபோது, ரகசியத்தின் திரை விலகியதும் குழந்தை கலகலவென்று சிரித்ததாம். ஞானக் குழந்தை என்றார் தீட்சிதர். இன்றைய எல்.கே.ஜி. இன்டர்வியூவில் அப்படிச் சிரித்திருந்தால் சீட்டு கிடைத்திருக்காது.

அப்பா சீக்கிரமே போய்ச் சேர, குடும்பம் சென்னை ஏழுகிணற்றுக்கு வந்தது. புராணப் பிரசங்கம் செய்து வீட்டைக் காப்பாற்றிய அண்ணன் சபாபதி, தம்பியைத் தன் குரு காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் சேர்த்துவிட்டார்.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் தேய எழுத வேண்டும், எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பிக்க வேண்டும். தப்பினால் கோதண்டம்: கையைக் கயிற்றில் பிணைத்து உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். மேற்பார்வைக்குச் சட்டாம்பிள்ளை. நம் கல்வியின் பாவங்களுக்கெல்லாம் மெக்காலேயைத் திட்டுவது வழக்கம். பாவம் அந்த மனுஷன் தன் கல்விக் குறிப்பை எழுதியதே 1835-இல்தான். அதற்கு வெகுமுன்பே பிரம்பு பழுத்துவிட்டது.

முதலியார் நல்லவர்தான். ஆனால், ‘வேண்டாம், வேண்டாம்’ என்றே முடியும் உலகநீதியைச் சொல்லிக்கொடுத்தால், ‘வேண்டும் என்று ஒன்றுமே கிடையாதா?’ என்று கேட்கிற பையனை என்ன செய்வது? பையன் வகுப்பை விட்டுக் கந்தகோட்டத்தில் போய் நின்று சொந்தமாகப் பாடிக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடிக்கப் போன வாத்தியார், பாட்டைக் கேட்டுக் கண்கலங்கி, ‘இவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை’ என்று அண்ணனிடம் கைவிரித்தாராம். எந்தக் கோச்சிங் சென்டராவது இன்றைக்கு இப்படிச் சொல்லி, கட்டிய ஃபீஸைத் திருப்பித் தருமா?

அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. ‘படிக்காதவனுக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது!’ இங்கேதான் கதையின் நிஜமான கல்வியாளர் வருகிறார்: அண்ணி பாப்பாத்தி. புருஷன் கண்ணில் படாமல் கொல்லைப்புறமாக மைத்துனனுக்குச் சோறு போட்டார். ஒருநாள் அவர் அழுதது பொறுக்காமல் பையன் இறங்கிவந்தான்: ‘படிக்கிறேன் அண்ணி. மாடியில் தனி அறை, புத்தகம், விளக்கு, ஒரு நிலைக்கண்ணாடி வேண்டும்.’ எல்லாம் வந்தது. கதவு சாத்தப்பட்டது. பிள்ளை படிக்கிறான் என்று வீடே பூரித்தது. பிள்ளையோ கண்ணாடி முன் விளக்கேற்றி, அதில் முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரூப் ஸ்டடி என்று சொல்லிவிட்டுச் சினிமாவுக்குப் போகும் தலைமுறைகளுக்கு முன்னோடி!

பிறகு அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த ஓர் இரவு, ஒப்புக்கு இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வரச் சொல்லி அனுப்பிய தம்பி, பெரியபுராணப் பிரசங்கத்தில் சபையையே கட்டிப்போட்டுவிட்டான். அண்ணனுக்கு வேலை போகாத குறை. அந்தப் பையன்தான் வள்ளலார். 1867-இல் வடலூரில் அவர் மூட்டியது பசித்தவர்களுக்குச் சோறாக்கும் அடுப்பைத்தான். பசியைப் பற்றி அவர் கற்ற பாடம் எந்தச் சுவடியிலும் இல்லாதது.

அடுத்தவர் மஞ்சக்குப்பத்து எழுத்தாளர் ஜெயகாந்தன், 1934-இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு. விழுப்புரத்தில் மாமா வீடு, சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சியின் கம்யூன் என்று இவருக்கும் சாப்பாடு போட ஆள் இருந்தார்கள். பள்ளி இவரை விட்டது. 2002-ஆம் ஆண்டின் ஞானபீடம் விடவில்லை.

பள்ளி திறமையை வளர்க்கிறதா, கொல்கிறதா? தென்கொரியாவிலும் இதே பட்டிமன்றம்தான். அங்கே நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத்தேர்வில், ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதும் நேரத்தில் விமானங்களே இறங்காமல் வானத்தில் சுற்றும். அந்த ஊரில் கவிதை எழுதப் போகிறேன் என்று பள்ளியை விட்ட ஜூன் ஹு என்ற பையன், 2022-இல் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். கவிதைக்கல்ல, கணக்குக்கு!

நடுவர் தீர்ப்பு சொல்லியாக வேண்டுமே. பள்ளி திறமையைக் கொல்வதும் இல்லை, வளர்ப்பதும் இல்லை. அதற்கு வருகைப் பதிவேடு முடிக்கவே நேரம் போதாது. நழுவுகிற பையன் எங்கேயும் நழுவுவான். அண்ணி இருந்தால் வள்ளலார். இல்லையென்றால் பசியோடு திரும்பிவந்து, எண்சுவடியை ஒப்பித்து, எங்கோ ஒரு கிராமத்தில் கணக்குப்பிள்ளை. ஆகவே பெற்றோரே, பிள்ளை மட்டம் போட்டால் தாராளமாகத் திட்டுங்கள், சோற்றை மட்டும் நிறுத்தாதீர்கள். மாடி அறையும் கண்ணாடியும் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பையன்கள் அதில் தலைதான் வாருவார்கள். வாரட்டுமே.