கவுண்ட் எவ்வளவு?

ஐப்பசி மழை பிடித்துப் பத்து நாள் ஆனதும் எங்கள் தெருக்காரர் ஒருவருக்குச் சுறுசுறுப்பு வந்துவிடும். தெருவில் யார் வீட்டில் யார் டெங்குக் காய்ச்சலில் போர்வைக்குள் கிடக்கிறார்கள் என்பது லேப்காரருக்குத் தெரியுமுன் இவருக்குத் தெரியும். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றி, மறு செருப்பு காலில் இருக்கும்போதே கேட்பார்: "கவுண்ட் எவ்வளவு?"

படுத்திருக்கிற பையன் எப்படி இருக்கிறான், ஏதாவது சாப்பிட்டானா என்றெல்லாம் கேட்க மாட்டார். தங்கம் விலை விசாரிக்கிற அதே குரலில், பிளேட்லெட் கவுண்ட் மட்டும்.

"எண்பத்தஞ்சாயிரம், அங்கிள்."

"நேத்து?"

"ஒரு லட்சத்துப் பத்து."

கண்ணை மூடிக் கழித்துப் பார்ப்பார். "இருபத்தஞ்சு இறங்கியிருக்கு. பரவாயில்ல, நம்ம மூணாம் நம்பர் வீட்டுக்காரருக்கு நாப்பதுக்குப் போய்த்தான் ஏறிச்சு." இதை ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார். பையனின் அம்மா அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்துவது அவர் காதில் விழாது.

நார்மல் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை என்பது அவருக்கு மனப்பாடம். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் காலையும் மாலையும் நிலவரம் வரும்: "ஏழாம் நம்பர் 62,000. ஏறுமுகம்." ஏழாம் நம்பர்காரரிடம் அனுமதி கேட்டாரா என்று யாரும் கேட்டதில்லை. முப்பதாயிரத்துக்குக் கீழே போய்த் திரும்பியவர்களிடம் அவருக்குத் தனி மரியாதை. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். ஒன்றேகால் லட்சத்திலேயே குணமானவனுக்கு டெங்கு வந்ததாகவே அவர் ஒப்புக்கொள்வதில்லை. பப்பாளி இலைச் சாறு, கிவிப் பழம், நிலவேம்புக் குடிநீர் பற்றியும் அவருக்குக் கருத்துகள் உண்டு. உங்களுக்கும் அவை ஏற்கெனவே ஃபார்வர்டு ஆகியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்கிற கேள்வியே வேறு. "எத்தனை தடவை யூரின் போனாப்ல?" டாக்டர் பிரஷரைப் பார்க்கிறார், ரத்தம் கெட்டியாகிறதா என்று பி.சி.வி. பார்க்கிறார். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிவதுதான் டெங்குவில் ஆளைச் சாய்ப்பது. நம்மவருக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும், "விட்டுடுச்சுல்ல, டிஸ்சார்ஜ் கேளுங்க" என்று முதலில் சொல்கிறவர் இவர்தான். காய்ச்சல் விட்ட பிறகு வருகிற ஒன்றிரண்டு நாள்தான் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்க்க வேண்டிய நாள். வயிற்றைப் பிடித்து வலிக்கிறதா, வாந்தி நிற்கவில்லையா, ஈறில் ரத்தம் கசிகிறதா, கைகால் சில்லிடுகிறதா என்று பார்க்கிற நேரத்தில் இவர் இனிப்பு வாங்கி வந்து நிற்பார்.

நல்ல மனுஷர், அதையும் சொல்ல வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு யார் கதவைத் தட்டினாலும் சட்டையை மாட்டிக்கொண்டே காரை எடுப்பார். வார்டுக்கு வெளியே கொசுக்கடியில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். பில்லில் குறைந்த பணத்தைச் சத்தமில்லாமல் கட்டிவிட்டு, அதை மட்டும் குழுவில் போட மாட்டார்.

அதனால்தான் கோபமும் அதிகமாக வருகிறது. கொசுப்புழு பார்க்க வருகிற மாநகராட்சிப் பணியாளர் வெயிலில் நின்று மணி அடித்தால், இவர் ஜன்னல் வழியாகவே, "இங்க எல்லாம் சுத்தமா இருக்கும்மா" என்று அனுப்பிவிடுகிறார். சாக்கடையும் குப்பையும் இல்லாவிட்டால் சுத்தம் என்று கணக்கு. ஏடிஸ் கொசு முட்டையிடுவது நல்ல தண்ணீரில். இவர் மொட்டைமாடியில் பழைய கார் டயர் இரண்டு, மூடி தொலைந்த பெயிண்ட் டிரம் ஒன்று, ரோஜாத் தொட்டிகளின் அடித்தட்டுகள். கீழே ஃப்ரிட்ஜின் பின்னால் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு தட்டு. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் ஆகாது. முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். இவர் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்திக் கொசுவர்த்தி ஏற்றுகிறார். பகலில் கடிக்கிற கொசு அதற்குள் தன் வேலையை முடித்திருக்கும்.

சார், இந்த மழைக்கும் நீங்கள் வீடு வீடாக வந்து கவுண்ட் கேளுங்கள், சொல்கிறோம். அந்த மாநகராட்சி அம்மா மணி அடிக்கும்போது மட்டும் கேட்டைத் திறந்து மாடிச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். டிரம்மைத் தேய்த்துக் கவிழ்க்க நாங்களே ஆள் அனுப்புகிறோம்.