பீரங்கிக்கு ஏது அடையாள அட்டை?

திருகோணமலைக் கோட்டையில் கிடக்கும் பழைய பீரங்கி எந்த நாட்டுக்காரருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (உப்புவெளி வாசகர்)

முதுகைப் பாருங்கள். கிரீடமும் 'ஜி.ஆர்.' என்ற எழுத்தும் இருந்தால் ஜோர்ஜ் மன்னருடையது. 'வி.ஓ.சி.' என்றிருந்தால், கப்பலோட்டிய தமிழர் என்று புல்லரிக்க வேண்டாம், அது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி!

ஆனால் குறி சொல்வது பிறந்த வீட்டைத்தான். 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இந்தத் துறைமுகத்தைப் பிடித்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் அதைப் பறித்துக்கொண்டார். தோற்று ஓடுகிறவன் பீரங்கியையுமா தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவான்?

உப்புக்காற்றில் குறி அழிந்திருந்தால்? (கிண்ணியா வாசகர்)

மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது சில வேளை காகிதத்தில் தெரியும்.

வளவைக் கொத்தும்போது பழைய துவக்கு அகப்பட்டால் உங்களுக்குப் படம் அனுப்பலாமா? (மூதூர் வாசகர்)

முதலில் பொலிஸுக்குச் சொல்லுங்கள். நீங்கள் துவக்கின் வயதைக் கேட்பீர்கள். அவர்கள் உங்கள் வயதைக் கேட்பார்கள்.

அடையாளம் கண்டு சொந்த ஊருக்கே திரும்பிய பீரங்கி உண்டா? (தம்பலகாமம் வாசகர்)

உண்டு. லெவ்கே திசாவை என்ற பிரதானி கண்டி அரசருக்குக் கொடுத்த பீரங்கி. வெள்ளி, பொன், மாணிக்கம் பதித்தது. மேலே சூரியன், பிறை, சிங்கம் என்று அரச சின்னங்கள். அது யாரைச் சுட்டதோ, 1765இல் அதையே ஒல்லாந்தர் சுட்டுக்கொண்டு போனார்கள். அம்ஸ்ரர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு 2023இல்தான் கொழும்பு வந்து சேர்ந்தது. 258 வருட வாடகையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.