டொபேகோக் கதவில் ஓர் ஆணி

கரீபியன் கடலில் டொபேகோ என்றொரு தீவு. பரப்பளவு சுமார் 300 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியே அதைவிடப் பெரிது. டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆளாளுக்குப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்த இடம். இத்தனை கை மாறியதில் தீவுக்கு ரோஷம் வந்துவிட்டதோ என்னவோ, ஒரு சட்டம் போட்டது. பிரதிவாதி தீவில் இல்லையா? டவாலி அலைய வேண்டாம். பிராதின் நகலை எடு, கோர்ட் கதவில் வை, ஆணியை அடி. ஆசாமிக்குச் சேதி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

இப்படி ஆணி அடிக்கப்பட்டவர்களில் ரக்கர் என்ற வியாபாரியும் ஒருவர். அவர் விலாசம் பிராதிலேயே இருந்தது: முன்பு டன்கர்க், இப்போது லண்டன். டொபேகோ மண்ணை அவர் மிதித்ததாக ஒரு வரிகூடக் கிடையாது. லண்டனில் உட்கார்ந்திருப்பவர் கடல் கடந்து அந்தக் கதவை எப்படிப் படிப்பார் என்று தீவில் யாரும் கவலைப்படவில்லை. ஆள் வரவில்லை, தீர்ப்பு வந்தது. வாதி தரப்பார் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பணத்தை வசூலித்துக் கொடுங்கள் என்று லண்டன் கோர்ட்டில் போய் நின்றார்கள்.

ஆண்டு 1808. தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு. வாய்க்கொழுப்புக்குப் பெயர் போன மனிதர். தீவில் இல்லாதவர் என்றால் தீவை விட்டுப் போனவர் என்றுதானே அர்த்தம்? வரவே வராத மனிதர் எப்படிப் போயிருக்க முடியும்? அதோடு விடவில்லை. டொபேகோத் தீவு சட்டம் போட்டு உலகத்தையே கட்டிவிட முடியுமா, உலகம்தான் அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். வழக்கு அவுட். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது டொபேகோவும் அதே மூன்றாம் ஜார்ஜ் மன்னருடையதுதான். ஒரே முதலாளியின் இரண்டு கடைகள். ஒரு கடைச் சீட்டு இன்னொரு கடையில் செல்லவில்லை.

இங்கிலாந்து ரொம்ப நியாயஸ்தன் என்று நினைத்துவிட வேண்டாம். 1852-இல் அதுவும் தன் எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சம்மன் அனுப்பச் சட்டம் போட்டுக்கொண்டது. 1870-இல் ஒரு வழக்கு. ஸ்வீடன் ஓட்ஸைப் பிரான்சுக்கு அனுப்பியதில் தகராறு. வாதி டென்மார்க்காரர், பிரான்சில் இல்லாத பிரதிவாதிகளும் டென்மார்க்காரர்கள், தீர்ப்பு பிரெஞ்சுக் கோர்ட்டுடையது, வசூலிக்க வந்த இடம் லண்டன். நாங்கள் செய்வதைத்தானே பிரெஞ்சுக்காரரும் செய்திருக்கிறார்கள் என்று நீதிபதி பிளாக்பர்னும் யோசித்தார். யோசித்துவிட்டு, செல்லாது என்றார். நான் செய்தால் சட்டம், நீ செய்தால் அடாவடி.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். பஞ்சாபில் பரீத்கோட் சமஸ்தானம். அங்கே குர்தயாள் சிங் பொக்கிஷதார். 1874-இல் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான ஜீந்த் சமஸ்தானத்துக்குப் போய்விட்டார். ஐந்து வருஷம் கழித்து ராஜாவுக்குக் கணக்கு ஞாபகம் வந்தது. பணம் வரவேண்டும் என்று தன் சமஸ்தானக் கோர்ட்டிலேயே வழக்குப் போட்டார். வாதி ராஜா, கோர்ட்டும் ராஜாவுடையது. பொக்கிஷதார் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவர் வராமலே எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆயிற்று. ராஜா தோற்றிருந்தால் அல்லவா செய்தி!

டிகிரியோடு ராஜா லாகூரில் பிரிட்டிஷ் கோர்ட்டுக்குப் போனார். கீழே தோற்றார், பஞ்சாப் தலைமைக் கோர்ட்டில் ஜெயித்தார், கடைசியில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1894-இல் செல்போர்ன் பிரபு சொன்ன பதில்: வழக்குத் தொடுக்கும்போது பரீத்கோட்டில் இல்லாத, அந்த ஊர்க் கோர்ட்டுக்குக் கட்டுப்படாத ஆள்மேல் கொடுத்த இந்தத் தீர்ப்பு வெளியூரில் வெறும் காகிதம். ஊழியம் செய்த ஊர் என்பதற்காக ஆயுள் முழுக்க அந்த ஊர்க் கோர்ட்டுக்கு அடிமையில்லை. ராஜா நேரே ஜீந்துக்குப் போய் வழக்குப் போட்டிருந்தால் காரியம் எப்போதோ ஒரு வழிக்கு வந்திருக்கும். போவாரா? ராஜாவாயிற்றே!

அமெரிக்கா இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்தது. பாரீஸ் கையுறைக் கம்பெனி ஒன்றுக்கும் நியூயார்க் வியாபாரிகளுக்கும் தகராறு. நியூயார்க்காரர்கள் பிரெஞ்சுக் கோர்ட்டில் ஆஜராகி, வாதாடி, முறைப்படி தோற்றார்கள். ஏறக்குறைய 2 லட்சம் டாலர். 1895-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னது: எங்கள் தீர்ப்பைப் பிரெஞ்சுக்காரர் மதித்து ஏற்பதில்லை, அவர்கள் தீர்ப்பை நாங்கள் ஏன் அப்படியே ஏற்கவேண்டும்? அதே நாளில் கனடாத் தீர்ப்பு ஒன்றை மட்டும் மரியாதையாக ஏற்றுக்கொண்டார்கள். மொய் வைத்தவருக்குத்தான் மொய்.

இத்தனை கூத்தின் சாறும் 1908-ஆம் வருஷத்து நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் இறங்கியிருக்கிறது. அந்நிய நாட்டுத் தீர்ப்பை ஏற்காமல் விட ஆறு காரணங்கள். அதிகாரமில்லாத கோர்ட், விஷயத்துக்குள் போகாத தீர்ப்பு, இயற்கை நீதிக்கு விரோதம், மோசடி என்று போகிறது பட்டியல். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் இருந்த வரைக்கும், பக்கத்திலிருக்கும் கடலூர்க் கோர்ட்டுக்கு அந்த ஊர்க் கோர்ட்டும் அந்நியக் கோர்ட்தான்.

ஆகவே, வெளியூர்க்காரருக்குக் கடன் கொடுக்கப்போகும் அன்பர்களே, ஆசாமி எங்கே குடியிருக்கிறார், அவர் சொத்து எந்த ஊரில் இருக்கிறது என்று கையெழுத்து வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஊர்க் கோர்ட்டிலேயே வழக்குப் போடுங்கள்.