தேர்தல் காக்கா

காத்தான்குடியில் தேர்தல் காக்கா என்பவர் வேட்பாளர் அல்லர், கட்சியில் பதவியும் இல்லை. வருடம் முழுக்கப் புடவைக்கடை முதலாளி. வேட்புமனுத் தாக்கல் முடிந்ததும் கடையை மகனிடம் விட்டுவிட்டுத் தேநீர்க்கடைக்கு இடம்பெயர்ந்துவிடுவார்.

இந்த உற்சாகம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் ஃபௌலர், பேக்கர், டாஸ் ஆகியோர் லாஸ் ஏஞ்சலிஸ் இரட்டையர்களின் வாக்களிப்புப் பதிவுகளை ஆராய்ந்து, வாக்களிப்பதில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 53 வீதம் மரபணுவால் வருவது என்று 2008இல் எழுதினார்கள். காக்காவின் வாப்பாவும் இப்படித்தான் கடையை விட்டுவிட்டு அலைந்தவர். ஆனால் எந்தக் கட்சிக்கு அலைவது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

அதைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் குடி தாய்வழியில் வரும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே கட்சி காக்காவுடையது, மதில் மனைவியுடையது. பசைவாளியோடு அவர் மதிலை நெருங்கினால் மாமி வாசலுக்கு வந்துவிடுவார்: “மருமகன், உங்கட கட்சிய உங்கட உம்மாட மதில்ல ஒட்டுங்க.” உம்மா வீட்டு மதிலோ தங்கச்சியின் சீதனம், அங்கே மச்சான் வேறு கட்சி. கடைசியில் மிஞ்சுவது மின்கம்பம்தான்.

முஸ்லிம் காங்கிரஸ் 1981இல் இவ்வூரில்தான் தொடங்கப்பட்டது. அந்தக் கூட்டத்தில் தானும் இருந்ததாகக் காக்கா சொல்வார். அப்போது அவருக்கு வயது நான்கு.

படிப்பு பங்கேற்பைக் கூட்டும் என்பது அரசறிவியலின் பழைய பாடம். காக்கா கணிதத்தில் சாதாரண தரம் தாண்டாதவர். ஆனால் பிளேன்ரீ ஆறுவதற்குள், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், மட்டக்களப்பின் 5 ஆசனங்களையும் பங்கிட்டுவிடுவார்: முதல் வந்த கட்சிக்குப் போனஸ் ஒன்று, 5 வீதத்துக்குக் குறைந்தவை கழிவு, மிச்ச வாக்கை நான்கால் வகுத்து, மீதி பெரிதானவருக்குக் கடைசி ஆசனம். எப்படி வகுத்தாலும் அந்தக் கடைசி ஆசனம் அவருடைய ஆளுக்கே விழும்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், “வாப்பா, உங்கட ஆளுக்குக் கொள்கை என்ன?” என்பாள். “அது வெண்ட பொறகு பாப்பம் மகள்.”

வாக்களிப்பு நாளில் வரிசையில் முதல் ஆள் அவர். புள்ளடி போட்டுவிட்டு வந்து மாமியிடம், “நம்மட ஆளுக்குத்தான்” என்பார். பின்னேரம் தங்கச்சி வீட்டில் மச்சானிடமும் அதையே சொல்வார்.